மழலைக் கல்வித் தொண்டும் திட்டமிடலும்: குறளின் நான்கு அதிகாரங்கள் வழி ஒரு நோக்கு

முன்னுரை

பள்ளி திறக்கும் முதல் நாளில் ஒன்றாம் வகுப்பின் வாயிலருகே சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், ஒரே வயதுடைய இரு குழந்தைகளை அங்கே காணலாம். ஒரு குழந்தை தன் பெயரையும் தெருப் பெயரையும் தயங்காது சொல்கிறது. சுண்ணக்கட்டியை விரல்களுக்கிடையில் வாகாகப் பிடிக்கிறது. ஆசிரியர் கதை தொடங்கியதும் செவி சாய்க்கிறது. மற்றொரு குழந்தையோ தாயின் முந்தானையை விட மறுக்கிறது. கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. ஒரு திங்கள் கழிவதற்குள் முதற்குழந்தைக்குச் 'சூட்டிகை' என்றும், இரண்டாம் குழந்தைக்கு 'மந்தம்' என்றும் பெயர் வழங்கத் தொடங்கிவிடுகிறது. பெற்றோர் இட்ட பெயரைக் காட்டிலும் இப்பெயர் ஆழமாகப் பதிகிறது. உண்மையில் இவ்விரு குழந்தைகளையும் வேறுபடுத்தியது பிறவி அறிவன்று. பள்ளிக்கு வருமுன் கழிந்த ஐந்து ஆண்டுகளே.

அவ்வைந்து ஆண்டுகளைச் செம்மை செய்ய முன்வரும் தொண்டு அமைப்புகள் பல. ஆயினும் அவற்றுள் பலவற்றின் வரலாறு ஒன்று போலவே அமைவதை நாம் கண்டிருக்கிறோம். முதலாண்டில் தொடக்க விழாவும் பலகை வழங்கலும் நிழற்படமும். இரண்டாம் ஆண்டில் நன்கொடைக் குறைவு. மூன்றாம் ஆண்டில் பூட்டிய கதவு. ஆர்வம் இல்லாமையால் இவை வீழ்ந்தன என்று சொல்வதற்கில்லை. திட்டம் இல்லாமையாலேயே வீழ்ந்தன. தொண்டு செய்வோருக்குத் திட்டமிடல் எதற்கு, அது வணிகரின் வேலையல்லவா என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் உண்டு. அவ்வெண்ணம் பிழையானது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசனை முன்னிறுத்திச் சொல்லப்பட்டவை எனினும், படையும் பொருளும் இல்லாதார் மேற்கொள்ளும் நற்பணிக்கும் அவை அளவுகோலாக நிற்பவை. அந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு, துருக்கி நாட்டில் மழலையரைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திய ஒரு தொண்டு நிறுவனத்தின் வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

பள்ளி ஆயத்தநிலை: சொல்லும் பொருளும்

'பள்ளி ஆயத்தநிலை' என்றவுடன் எழுத்தறிவும் எண்ணறிவுமே பலர் நினைவுக்கு வருகின்றன. கல்வியியலார் கருத்து இதனினும் விரிந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1990 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியக் கல்வி இலக்குகளுள் முதலாவது, 2000 ஆம் ஆண்டிற்குள் எல்லாக் குழந்தைகளும் கற்றலுக்கு ஆயத்தமான நிலையில் பள்ளிக்கு வருதல் வேண்டும் என்பதாகும். அவ்விலக்குகளைக் கண்காணித்த குழு 1995 ஆம் ஆண்டளவில் ஆயத்தநிலையை ஐந்து கூறுகளாக வகுத்தது. உடல்நலமும் உறுப்பியக்கமும், பிறரோடு பழகும் பண்பும் மனவுணர்வும், கற்றலை அணுகும் முறை, மொழி வளர்ச்சி, பொதுவறிவும் சிந்தனையும் என்பன அவை. எழுத்துகளைச் சொல்லத் தெரிதல் இவற்றுள் ஒன்றன் ஒரு சிறு பகுதி மட்டுமே என்பது கருதத்தக்கது.

மேலும், ஆயத்தநிலை என்பது குழந்தையை மட்டும் சார்ந்ததன்று. குழந்தை, குடும்பம், பள்ளி ஆகிய மூன்றும் ஆயத்தமாதல் வேண்டும். பள்ளி தன்னிடம் வரும் குழந்தையை ஏற்க ஆயத்தமாக இல்லையெனில், ஆயத்தமாக வந்த குழந்தையும் சில திங்களில் வாடிவிடும்.

2000 ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்க நாட்டின் அந்த முதல் இலக்கு எட்டப்படவில்லை. பெருவளம் படைத்த ஒரு நாட்டிற்கே இந்நிலை எனில், இலக்கை அறிவிப்பது வேறு, அதற்கு வழி வகுப்பது வேறு என்பது தெளிவாகிறது. வழி வகுப்பதையே நாம் திட்டமிடல் என்கிறோம்.

தெரிந்துசெயல்வகை: செய்யுமுன் ஆராய்தல்

ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எது, விளைவது எது, இறுதியில் எஞ்சுவது எது என எண்ணிப் பார்க்கச் சொல்கிறது தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம். துருக்கியரின் பணி இவ்வாறே தொடங்கியது.

இசுதான்புல் நகரின் போகாசிச்சி பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக விளங்கியவர் சீதெம் காயித்சிபாஷி அம்மையார். அவரும் டயான் சூனார், செவ்தா பெக்மான் ஆகிய அறிஞரும் 1982 ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினர். சிற்றூர்களை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்து, வருவாய் குறைந்த பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களை அவர்கள் தேர்ந்தனர். 3 வயதும் 5 வயதும் ஆன குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். இக்குழந்தைகளுள் சிலர் கற்பித்தலை நோக்கமாகக் கொண்ட காப்பகங்களிலும், சிலர் காவலை மட்டும் நோக்கமாகக் கொண்ட காப்பகங்களிலும், ஏனையோர் வீட்டிலும் வளர்ந்தனர். ஒவ்வொரு பிரிவிலும் தாய்மாருள் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி அளித்து, மற்றவர்களுக்கு அளிக்காது விட்டு, வேறுபாட்டை அளந்தனர்.

அவர்கள் எழுப்பிய வினா ஒன்றே. குழந்தைக்கு நேரே கற்பிப்பது பயன் தருமா, தாயை வலுப்படுத்துவது பயன் தருமா, இவற்றுள் எது நெடுநாள் நிலைக்கும்? நான்காண்டு ஆய்வின் முடிவில், பயிற்சி பெற்ற தாயரின் குழந்தைகள் அறிவுத் தேர்வுகளிலும் பள்ளி மதிப்பெண்களிலும் மேம்பட்டு விளங்கினர். கற்பிக்கும் காப்பகத்தில் வளர்ந்தோரும் வெறுங்காப்பகத்தில் வளர்ந்தோரைவிட முன்னின்றனர். குழந்தையை அடைத்து வைத்துப் பார்த்துக்கொள்வது மட்டும் கல்வியாகாது என்பது இதனால் புலனாயிற்று.

இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. முதலில் கட்டடம் எழுப்பிப் பின்னர் அதில் என்ன செய்யலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. முதலில் வினா, அடுத்துச் சிறிய அளவில் சோதனை, அதன் பின்னரே நிறுவனம். நம் நாட்டுத் தொண்டு அமைப்புகள் பல இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றன.

வலியறிதல்: இருப்பதை எடைபோடுதல்

எடுத்த பணி, அதனைச் செய்வோர், எதிரே நிற்பது, உடன் நிற்போர் ஆகிய நான்கின் திறனையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது வலியறிதல். மழலைக் கல்வித் தொண்டில் எதிரே நிற்பது பகைவன் அல்லன்; வறுமையும், நேரமின்மையும், 'எனக்கு எழுத்துத் தெரியாது, நான் என்ன கற்பிப்பேன்' என்னும் தாயின் தயக்கமுமே.

உடன் நிற்பது எது என ஆராய்ந்தபோது, துருக்கி ஆய்வாளர்கள் கண்ட பெருவலிமை அந்தத் தாயே ஆவாள். ஒரு தொண்டர் வாரத்தில் சில மணி நேரமே குழந்தையோடு இருத்தல் கூடும். தாயோ நாள் முழுதும் உடனிருப்பவள். தொண்டரின் பணி முடிந்த பின்னும், நன்கொடை நின்ற பின்னும், தாய் நிற்கமாட்டாள். ஆதலின் அவளிடத்தில் இட்ட முதல் அழிவதில்லை.

பட்டம் பெற்ற ஆசிரியர்களையும் அவர்கள் நாடவில்லை. பயிற்சி பெற்ற துணைப்பணிப் பெண்கள் இரு வாரத்திற்கு ஒருமுறை வீட்டிற்குச் சென்று, குழந்தையோடு செய்யத்தக்க பயிற்சித்தாள்களைத் தாய்க்கு விளக்கினர். இடைப்பட்ட வாரங்களில் தாய்மார் குழுவாகக் கூடி, குழந்தையின் உணவு, உடல்நலம், விளையாட்டு, கண்டிக்கும் முறை, கணவனோடு உரையாடும் முறை ஆகியன பற்றிப் பேசினர். விளைவு குழந்தையோடு நிற்கவில்லை. இல்லத்து முடிவுகளில் இத்தாய்மாரின் சொல்லுக்கு மதிப்புக் கூடியதும் ஆய்வில் பதிவாகியுள்ளது.

காலமறிதல்: விரைவும் பொறுமையும்

காலமறிதல் என்பது விரைந்து செய்வது மட்டுமன்று; காத்திருப்பதும் அதனுள் அடங்கும். துருக்கிய வரலாற்றில் இரண்டிற்கும் சான்றுண்டு.

ஆய்வு 1986 இல் முடிவுற்றது. ஆயினும் நல்ல முடிவு கிடைத்த மகிழ்ச்சியில் நாடெங்கும் பரப்ப அவர்கள் உடனே புறப்படவில்லை. ஏறக்குறைய ஆறாண்டுகள் கழித்து அதே குடும்பங்களைத் தேடிச் சென்றனர். தொடக்கத்திலிருந்த 255 குடும்பங்களுள் 217 குடும்பங்களைக் கண்டுபிடித்தனர். அந்நாளில் துருக்கியில் கட்டாயக் கல்வி ஐந்தாண்டு மட்டுமே. அதன்பின் படிப்பைத் தொடர்வதும் விடுவதும் குடும்பத்தின் விருப்பம். அந்நிலையில், பயிற்சி பெற்ற தாயரின் மக்களுள் நூற்றுக்கு 86 பேர் பள்ளியில் தொடர்ந்திருந்தனர். பயிற்சி பெறாத தாயரின் மக்களுள் 67 பேரே தொடர்ந்திருந்தனர். இச்சான்றின் வலிமையோடு 1993 ஆம் ஆண்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. முதல் வினாவிற்கும் நிறுவனத்திற்கும் இடையே பதினொரு ஆண்டுகள் கழிந்தன.

அந்நிறுவனத்தின் துருக்கிப் பெயர் 'அன்னெ சொஜுக் எய்திம் வக்ஃபி' என்பதாகும். அன்னை–குழந்தைக் கல்வி அறக்கட்டளை எனப் பொருள்படும். துருக்கி மொழியில் தாயைக் குறிக்கும் 'அன்னெ' நம் 'அன்னை'யோடு ஒலியளவில் ஒத்திருப்பது தற்செயலே எனினும் மகிழ்ச்சி தருவது. 'வக்ஃபு' என்னும் சொல்லோ நம் ஊர்ப் பெரியோர் நன்கறிந்த ஒன்று. ஒரு பொருளை அதன் பயன் தொடர்ந்து கிடைக்குமாறு நற்பணிக்கென ஒதுக்கி வைத்தல் என்னும் அதன் கருத்து, நீண்டகாலத் திட்டமிடலின் கருவாகவே அமைந்திருக்கக் காண்கிறோம்.

காத்திருக்க அறிந்தோர் விரையவும் அறிந்திருந்தனர். 2005 ஆம் ஆண்டு 'ஏழு வயது மிகவும் காலம் கடந்தது' என்னும் பொருள்பட ஒரு முழக்கத்தை எழுப்பி, முன்பருவக் கல்வியை நாட்டின் பேசுபொருளாக்கினர். பள்ளியில் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்னும் பொது எண்ணத்தை மறுப்பதற்கு அம்முழக்கமே போதுமானதாயிற்று.

இடனறிதல்: பணி நிகழும் களம்

இடனறிதல் என்பது தனக்கு ஏற்ற களத்தைத் தேர்தல். இவ்வறக்கட்டளை தனக்கெனப் பள்ளிகளைக் கட்டிப் பெருகவில்லை என்பது நம் கவனத்திற்குரியது. துருக்கியின் சிற்றூர், பேரூர்களில் அரசின் மக்கள் கல்வி நிலையங்கள் முன்னரே இருந்தன; அவற்றில் கட்டடமும் ஆசிரியரும் இருந்தனர். கல்வி அமைச்சகத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, அவ்வாசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, அந்நிலையங்களிலேயே தாய்மார் வகுப்புகளை அறக்கட்டளை நடத்தச் செய்தது. ஆய்வுக் காலத்தில் இரண்டாண்டு நீண்ட பயிற்சி, பள்ளிக்குச் செல்வதற்கு முந்திய ஆண்டில் வாரம் ஒருமுறை என 25 வாரங்களாகச் சுருக்கப்பட்டது. வீட்டிற்குச் செல்லும் முறை குழு வகுப்பாக மாற்றப்பட்டது.

இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. வீட்டு வாயிலில் அமர்ந்து பேசும் நெருக்கம் வகுப்பறையில் கிடைப்பதன்று. அவ்விழப்பை அறிந்தே ஏற்றமையால்தான் பணி நகர் எல்லையைக் கடந்து நாடெங்கும் சென்றது. பின்னர் பஹ்ரைனிலும், ஐரோப்பாவில் குடியேறிய துருக்கியரிடையேயும் பரவியது. எதனை விட்டுக்கொடுப்பது, எதனை விடாது பற்றுவது என்னும் தெளிவே திட்டத்தின் உயிர்நாடி. அவர்கள் வீட்டுப் பார்வையை விட்டனர், தாயை விடவில்லை. 1996 இல் தந்தையர்க்கெனவும் ஒரு பயிற்சியைத் தொடங்கினர். குடும்பம் என்பது தாயோடு முடிவதில்லை என்பதைப் பணியின் போக்கிலேயே கற்றுக்கொண்டனர் எனலாம்.

அளவிடுதல்: எதனை, எத்துணைக் காலம்?

திட்டத்தில் தவறு நேரும் மற்றோர் இடம் அளவிடல் ஆகும். இதற்கு அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரில் நிகழ்ந்த பெர்ரி மழலைப்பள்ளி ஆய்வு சிறந்த சான்று. டேவிட் வைக்கார்ட் என்பார் 1962 ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினார். வறுமையுற்ற கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளுள் 58 பேர் குலுக்கல் போன்ற முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு மழலைப்பள்ளிக்கு வந்தனர். 65 பேர் வரவில்லை. வந்தவர்களுக்குக் காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு. வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டிற்கும் சென்றார்.

தொடக்கத்தில் அக்குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு உயர்ந்தது. பத்து வயதிற்குள் அவ்வேறுபாடு மறைந்தும் போயிற்று. அன்றே அளவுகோலை மூடி வைத்திருந்தால் திட்டம் தோற்றது என்றே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஆய்வாளர் அவர்களை 40 வயது வரை பின்தொடர்ந்தனர். மழலைப்பள்ளிக்கு வந்தோருள் நூற்றுக்கு 65 பேர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறைவு செய்திருந்தனர். வராதோருள் 45 பேரே செய்திருந்தனர். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் முன்னவருள் 36 பேர், பின்னவருள் 55 பேர். அறிவுத் தேர்வின் மதிப்பெண் மறைந்தாலும் விடாமுயற்சியும் தன்னடக்கமும் போன்ற பண்புகள் வாழ்க்கையில் நின்றன எனப் பொருளியலார் இதற்கு விளக்கம் கூறுவர்.

துருக்கியிலும் 22 ஆண்டுகள் கழித்து அன்றைய மழலையரைத் தேடிச் சென்றனர். முன்பருவத்தில் தாயின் வழியாகவோ கற்பிக்கும் காப்பகத்தின் வழியாகவோ ஊட்டம் பெற்றோர், மிகுதியான ஆண்டுகள் படித்தும், உயர்ந்த பணிகளில் அமர்ந்தும் இருந்தனர். இவ்விரு ஆய்வுகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. பலகை எத்தனை வழங்கினோம், விழாவிற்கு எத்தனை பேர் வந்தனர் என்பன நம் செயலின் கணக்கு. குழந்தையிடம் என்ன மாறியது என்பதே பயனின் கணக்கு. முன்னதைப் பின்னதாக எண்ணி மகிழ்வது தொண்டு நிறுவனங்களின் பெரும்பிழை.

நமக்குரிய பாடம்

இந்தியாவில் 1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டம் தொடங்கப்பட்டது. அதன் அங்கன்வாடி மையங்கள் இன்று ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உள்ளன. 2002 ஆம் ஆண்டின் 86 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு வயது நிறைவடையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் முன்பருவப் பேணலும் கல்வியும் அளிக்க அரசு முயலுமாறு 45 ஆவது உறுப்பில் நெறி வகுத்தது. ஆகவே துருக்கியருக்கு மக்கள் கல்வி நிலையம் அமைந்தது போல் நமக்கும் களம் அமைந்திருக்கிறது. புதிய கட்டடம் எழுப்புவதைவிட இருக்கும் மையத்தின் ஆசிரியைக்குத் துணை நிற்பது சிக்கனமானது, நிலைப்பதும் அதுவே.

மாணவர் மன்றமோ ஊர் அறக்கட்டளையோ இப்பணியை மேற்கொள்ள விரும்பின், பின்வரும் வினாக்களுக்கு ஒரே ஒரு தாளில் விடை எழுதிப் பார்த்தல் நலம்.

1. அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேரவிருக்கும் குழந்தைகள் நம் பகுதியில் எத்தனை பேர்? அவர்கள் யார் யார்? பெயர்ப் பட்டியல் இல்லாத திட்டம் திட்டமன்று.

2. அவர்களுள் எவருக்கு நம் துணை மிகவும் தேவை? எளிதில் வருவோரை மட்டும் சேர்த்துக்கொண்டு, வரவியலாதோரை விட்டுவிடுகிறோமா?

3. குழந்தையோடு நெடுநேரம் இருப்பவர் யார்? தாயா, பாட்டியா, மூத்த சகோதரியா? அவருக்கு நாம் எதைத் தருகிறோம்?

4. எவற்றைச் செய்யமாட்டோம்? சீருடை, ஆண்டு விழா, ஆங்கிலப் பாட்டு மனனம் ஆகியவற்றைத் தவிர்க்கும் துணிவு நமக்கு உண்டா?

5. தொடக்கத்திலும் முடிவிலும் எதனை அளப்போம்? ஒன்றாம் வகுப்பு ஆசிரியரை ஓராண்டு கழித்துச் சந்தித்துக் கேட்கப் போவது யார்?

6. மூன்றாண்டுக்குரிய செலவு எவ்வளவு? அது எங்கிருந்து வரும்? முதலாண்டிற்கு மட்டும் பணம் இருப்பின், குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள இயலுமா?

7. பயன் விளையவில்லை எனத் தெரிந்தால் எப்போது மாற்றுவோம், எப்போது நிறுத்துவோம்?

ஏழாவது வினாவே கடினமானது. நற்பணியை நிறுத்துவதா என மனம் மறுக்கும். ஆயின் பயன் தராத வகுப்பில் ஒரு குழந்தை செலவிடும் ஓராண்டு அக்குழந்தைக்கு மீண்டும் வாராது. பெரியோர் தம் பொருளை இழப்பின் ஈட்டிக்கொள்ளலாம்; ஐந்து வயதை எவரும் ஈட்டித் தர இயலாது. குழந்தையின் காலத்தை நம் மனநிறைவுக்காகச் செலவிடும் உரிமை நமக்கில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மழலையரைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் தொண்டில் திட்டமிடல் என்பது ஏட்டு வேலையன்று, அதுவே தொண்டின் அறம் என்பது புலனாகிறது. செய்யுமுன் ஆராய்ந்தமையும், தாயின் வலிமையை உணர்ந்தமையும், பதினொரு ஆண்டுகள் பொறுத்தமையும், பிறர் கட்டிய இடத்தில் பணி செய்ய இசைந்தமையுமே துருக்கிய அறக்கட்டளையின் உயர்வுக்கு அடிப்படை. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் முன்நிபந்தனையாக இருக்கவில்லை.

நாம் தொடக்கத்தில் கண்ட அந்த இரண்டாம் குழந்தையை மீண்டும் நினைவிற் கொள்வோம். அடுத்த ஆண்டும் பள்ளி வாயிலில் அத்தகைய குழந்தை ஒன்று நிற்கும். இன்று அதற்கு நான்கு அல்லது ஐந்து வயது இருக்கலாம். நம் தெருவிலேயே விளையாடிக்கொண்டிருக்கலாம். அதன் பெயரை நாம் இன்றே அறிந்து எழுதிக்கொள்வோமாயின், 'மந்தம்' என்னும் பெயர் அதற்குச் சூட்டப்படாமல் காக்கும் திட்டத்தின் முதல் வரி எழுதப்பட்டதாகும்.